குருவம்மாளின் கீழுதடு

காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் ஒரு விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் ஏதோ ஒன்று உருண்டு முன்னால் வரும். வாயை மூடினால் பின்னால் போய்ப் பதுங்கும். அதுதான் தாடை மூட்டு. கதவுக் கீல் மாதிரி திரும்பவும் செய்யும், மேசை இழுப்பறை மாதிரி நழுவவும் செய்யும். வலது, இடது இரண்டும் ஒரே எலும்பின் இரண்டு நுனிகள். ஒன்று அசைந்தால் மற்றதும் அசைந்தாக வேண்டும். சாப்பிடும்போது, பேசும்போது, கொட்டாவி விடும்போது, தூக்கத்தில் எச்சில் விழுங்கும்போதுகூட அது வேலை செய்துகொண்டிருக்கிறது. உடையும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி முகம், தாடை அறுவைப் பிரிவில் கழிந்தது. அண்மையில் உறவுக்காரர் ஒருவரைப் பார்க்கப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். தியேட்டரில் இப்போது இருக்கும் பெண்கள் என்னை விடவில்லை. உள்ளே கூட்டிப்போய் ஒரு பொருளைக் கையில் கொடுத்தார்கள். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு தாடை. நோயாளியின் ஸ்கேனை வைத்து, முறிவு எந்த இடத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே மிஷினில் அச்செடுத்தது. ஆபரேஷனுக்கு முதல் நாளே டாக்டர்கள் அதன் மேல் தகட்டை வைத்துப் பார்த்து வளைத்துக்கொள்கிறார்களாம். அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இது ஒன்னும் இல்லாம உள்ள போயி எப்படிக்கா கண்டுபிடிச்சீக?" என்று ஒரு பெண் கேட்டாள்.

அங்கே நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்களுக்கு மல்லாங்கிணறு பக்கம். மழையைப் பார்த்து விதைக்கிற வீடு. மதுரையில் நர்சிங் படித்தேன். பிரசவ வார்டில் கொஞ்ச காலம் இருந்தேன். பிறகு தியேட்டருக்கு மாற்றினார்கள்; ஆபரேஷன் இல்லாத நேரத்தில் அதே பிரிவின் வார்டையும் பார்த்துக்கொள்வோம். மாற்றிய வாரமே டாக்டர் திலகவதி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். காரியாபட்டிக்காரர். உயரம் குறைவு, மேசைக்கு முன்னால் ஒரு பலகை போட்டு அதன் மேல் ஏறி நின்றுதான் ஆபரேஷன் செய்வார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கருவியைத் தவறாகக் கொடுத்தால் திட்ட மாட்டார். நீட்டிய கையை மடக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு காத்திருப்பார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றும்.

தாடை உடைந்து வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் முதலில் பார்ப்பது எலும்பை இல்லை, பல்லை. டார்ச் அடித்து ஒவ்வொரு பல்லின் மேற்பரப்பையும் வெகுநேரம் பார்ப்பார். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் வருஷக்கணக்காக ஒன்றையொன்று உரசி, தேய்ந்து, தமக்கென்று ஓர் இடத்தை உண்டாக்கி வைத்திருக்கும். பூட்டுக்குச் சாவி மாதிரி அந்தக் கீழ்ப்பல் அந்த மேல்பல்லில்தான் போய் உட்காரும். "எலும்பு எங்க இருந்துச்சுன்னு எலும்பு சொல்லாது. பல்லுதான் சாட்சி" என்பார். உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இரண்டு எலும்பு முனைகள் சரியாகச் சேர்ந்திருக்கின்றனவா என்பதை வெளியே இரண்டு பற்கள் தொட்டுக்கொள்வதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். மோவாயில் பலமான அடி விழுந்தால், அந்த வேகம் தாடை வழியாக மேலே ஏறி மூட்டுக்குப் போகும். மூட்டுக்கு மேலே மெல்லிய ஓர் எலும்புத் தகடுதான். அதற்கு அந்தப் பக்கம் மூளை. மூட்டில் உருளுகிற அந்தக் குமிழுக்குக் கீழே தாடை எலும்பு ஒரு கழுத்து மாதிரி ஒடுங்கியிருக்கும். அடி பலமானால் அந்தக் கழுத்து முறிந்துவிடும். முறிவதோடு அடியின் வேகமும் அங்கேயே அடங்கிவிடும். "கழுத்து ஒடிஞ்சு மூளையக் காப்பாத்துது. அம்புட்டுப் பெரிய வேலைய அம்புட்டுச் சின்ன எலும்பு பண்ணுது" என்று சொல்லிவிட்டு, தன் காதுக்கு முன்னால் தானே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் இந்த இடம் முறிந்தால் பெரும்பாலும் திறக்க மாட்டார்கள். மேல்பல் வரிசையிலும் கீழ்ப்பல் வரிசையிலும் வளைந்த கம்பிச் சட்டத்தைப் பொருத்தி, இரண்டையும் மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டி, வாயை மூடி வைத்துவிடுவோம். வாரக்கணக்கில் கஞ்சித் தண்ணீரும் பாலும்தான், கன்னத்தின் ஓரமாக உறிஞ்ச வேண்டும். கட்டிய ஒவ்வொருவர் தலைமாட்டிலும் ஒரு கம்பி வெட்டும் கத்தரியை நூலில் தொங்கவிட்டிருப்போம். பார்க்க வருகிறவர்கள், எதற்கு இது என்று கேட்பார்கள். சிரித்து மழுப்பிவிடுவோம்.

ஒருமுறை அது வேண்டியிருந்தது. ஆலங்குளத்துக்காரர் ஒருவர், பைக்கிலிருந்து விழுந்தவர். வாய் கட்டியிருந்தது. சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் சொந்தக்காரர்கள் ஆசையாகக் கொண்டுவந்த கறிச்சாற்றை மடமடவென்று உறிஞ்சியிருக்கிறார். எனக்கு முதுகுப்பக்கம் ஒரு பெண் அலறினாள். திரும்பினால் அவர் கண் பிதுங்கி நிற்கிறது. வயிற்றிலிருந்து வந்தது வாய்க்குள் நிறைந்து வெளியேற வழியில்லாமல் மூக்கில் வழிகிறது. கத்தரியை இழுத்தேன். இடது பக்கம், வலது பக்கம், முன்பக்கம். கம்பிகள் அறுந்ததும் தாடையைக் கீழே இழுத்து, ஆளை ஒருக்களித்துப் போட்டு முதுகில் அறைந்தேன். மூச்சு வந்தது.

டாக்டர் ஓடி வந்தார். நோயாளியின் வாயைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், வெட்டிய கம்பிகளைப் பார்த்தார். பிறகு என்னிடம், "கை நடுங்குச்சா?" என்று கேட்டார்.

"வெட்டி முடிச்ச பெறகுதான் நடுங்குச்சு டாக்டர்."

"அப்படித்தான் நடுங்கணும்" என்று சொல்லிவிட்டுப் புதுக்கம்பி எடுத்து வரச் சொன்னார்.

கொஞ்ச காலத்தில் டைட்டானியத் தகடுகளும் நெல்மணியளவு திருகாணிகளும் வந்தன. டாக்டர் வெளியூர் போய்ப் பயிற்சி எடுத்து வந்தார். தாடை மூட்டு முறிவைத் திறந்து, நேராக்கி, தகடு வைத்துத் திருகலாம்; வாயைக் கட்டி வைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எலும்புக்குப் போகும் வழியில் முக நரம்பு இருக்கிறது. காதுக்கு அடியிலிருந்து புறப்பட்டு, கன்னத்துக்குள் விசிறி மாதிரி கிளை விரிக்கும். ஒரு கிளை இமையை மூட, ஒரு கிளை கன்னத்தை உப்ப, ஒரு கிளை கீழுதட்டை இழுக்க. எல்லாம் நனைந்த வெள்ளை நூல் மாதிரிதான் இருக்கும். ஒன்று அறுந்தால் முகத்தில் அந்த இடம் செத்துப்போகும். அதிகமாக இழுபட்டாலே மாதக்கணக்கில் மரத்துப்போகும்.

சதையை விலக்கிக்கொண்டு போகும்போது முதல் நரம்பு கண்ணில் பட்டதும் டாக்டர், "விருந்தாளி வந்தாச்சு" என்பார். அதற்குப் பிறகு தியேட்டரில் யாரும் பேச மாட்டோம். டிரேயில் கருவியை வைக்கும் சத்தம்கூடக் கேட்காது.

இப்படி இருந்த நாட்களில்தான் குருவம்மாள் வந்தாள்.

சிவகாசிக்கு அந்தப்பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற வேலை. சீசன் நேரம். பக்கத்து அறையில் ஏதோ புகைந்திருக்கிறது, யாரோ கத்தியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்தச் சத்தம் போதும். என்ன ஏது என்று நின்று பார்க்க மாட்டார்கள். எல்லோரும் வாசலை நோக்கி ஓட, குருவம்மாள் வெடிமருந்து காயப்போடுகிற சிமெண்டுத் தளத்தின் விளிம்பில் கால் இடறி, கை ஊன்ற நேரமில்லாமல், மோவாயில் போய் விழுந்தாள். புகை தானாக அடங்கிவிட்டது. வேறு ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

மோவாய்க்கு அடியில் ஒரு வெட்டு. உள்ளூரில் தையல் போட்டு அனுப்பியிருந்தார்கள். முகத்தைப் பார்த்தால் பெரிய காயம் என்று தெரியாது. ஆனால் வாயை மூடச் சொன்னால் கடைவாய்ப்பல் மட்டும் தட்டியது. முன்பற்கள் விரலளவு திறந்தே நின்றன. இரண்டு பக்கமும் மூட்டுக் கழுத்து முறிந்திருந்தது. தாங்க ஆளில்லாமல் தாடை பின்னால் சரிந்துவிட்டது. எச்சில் வடிய வடிய சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கூடவே அவள் கணவர் பெருமாள்சாமி. அச்சாபீஸில் தாள் அடுக்குகிற வேலை. டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி அவரிடம் விளக்கினார். அவர் டாக்டரைப் பார்க்கவே இல்லை. மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பேசி முடித்ததும், "என்ன சொல்லுறாக?" என்று அவளைக் கேட்டார், அறை அதிரும்படி.

குருவம்மாள் வாயைத் திறந்தாள். வலியில் கண் இறுகியது. ஏதோ குழறினாள். அவர் தலையை அப்படியும் இப்படியும் சாய்த்து அவள் வாயைப் பார்த்தார். மறுபடி சொல்லச் சொன்னார். அவள் மறுபடி முயன்றாள். அவர் முகம் வாடிவிட்டது.

"டாக்டரம்மா, எனக்குக் காது கேக்காது" என்றார். "வெடிச் சத்தத்துல போயிருச்சு. இவ வாயப் பாத்துத்தான் எனக்கு எல்லாம். ஊருல யாரு என்ன சொன்னாலும் இவ திருப்பிச் சொல்லணும். இப்ப இவ வாயி ஒன்னும் வெளங்கலையே."

எழுதிக் காட்டினால் எழுத்துக் கூட்டி வாசிப்பார் என்று தெரிந்தது. நான் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன். ஒவ்வொரு சொல்லாகத் தடவிப் படித்தார். குருவம்மாளுக்கு எழுதத் தெரியாது. ஆக, அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஒரே வழி அந்த வாய்தான்.

வார்டில் காத்திருந்த நாட்களில் அவரே என்னிடம் சொன்னார். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் அந்த விபத்து. அவரும் அப்போது பட்டாசு வேலைதான். உயிர் தப்பியது, காது போய்விட்டது. "மொதல்ல பைத்தியம் புடிச்ச மாதிரி இருந்துச்சு சிஸ்டர். எல்லாரும் வாய வாய அசைக்காக, ஒன்னும் புரியல. இவதான் என்னைய எதுக்க உக்கார வச்சு, உப்பு எடுத்துக் காட்டி உப்பும்பா, தண்ணிய மோந்து தண்ணிம்பா. நான் தப்பாச் சொன்னா சிரிக்க மாட்டா. திருப்பிச் சொல்லுவா. அப்படியே ஒவ்வொன்னா புடிச்சுக்கிட்டேன். அச்சாபீஸ்ல எனக்குக் கஷ்டமே இல்ல. மிஷின் ஓடும்போது அங்கன எல்லாருமே செவிடுதான்!"

டாக்டர் திலகவதி இரண்டு நாள் முடிவெடுக்கவில்லை. அவர் அப்படித் தயங்கி நான் பார்த்ததில்லை. கம்பி கட்டி வைத்தால் ஆபத்து குறைவு. ஆனால் இரண்டு பக்கமும் முறிந்து தாடை சரிந்த நிலையில், கம்பியை அவிழ்த்த பிறகும் முன்பல் சேராமல் போகலாம். வாய் சரியாகத் திறக்காமலே போகலாம். திறந்து தகடு வைத்தால் பல் சேரும், வாய் திறக்கும். ஆனால் இரண்டு பக்கமும் நரம்பின் ஊடே போக வேண்டும். எந்தப் பக்கம் பிசகினாலும் உதடு கோணிவிடும். மற்றவர்களுக்குக் கோணல் உதடு அழகுப் பிரச்சினை. இந்த வீட்டில் அது பேச்சே நின்றுபோவது.

மூன்றாம் நாள் காலை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குருவம்மாளிடமே சொன்னார். ஒளிக்காமல் சொன்னார். "தாயி, உன் வாயி. நீதான் சொல்லணும்."

குருவம்மாள் மெல்ல, எச்சிலைத் துடைத்துத் துடைத்துச் சொன்னாள். குழறல் அதிகம், நான் குனிந்து இரண்டு தடவை கேட்டுத்தான் டாக்டருக்குச் சொன்னேன். அவள் சொன்னது இதுதான்:

"தொறந்தே பண்ணுங்கம்மா. கோணவாயின்னாலும் அவுக படிச்சுக்கிடுவாக. மூடுன வாய எப்படிப் படிப்பாக?"

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வராண்டாவுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

ஆபரேஷன் அன்று காலை மயக்க மருந்து டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் செலுத்தினார். வாயில் குழாய் இருந்தால் பல்லைச் சேர்த்துப் பார்க்க முடியாதே. நரம்பைத் தொட்டால் உதடு துடிக்க வேண்டும் என்பதால், தசைகளை முழுதாகத் தளரவிடாமல் மருந்தை அளந்து கொடுக்கும்படி டாக்டர் கேட்டுக்கொண்டார். முகம் முழுவதையும் துணியால் மூடுவது வழக்கம். அன்று வாயின் ஓரங்களையும் கண்களையும் திறந்தே விட்டார்.

கருவி எடுத்துக் கொடுக்க வேறொரு நர்ஸை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க சதைய வெலக்குற கொக்கியப் புடிச்சுக்கங்க. கண்ணு மட்டும் அந்த உதட்டுல இருக்கணும். நான் எலும்பப் பாத்துக்கிட்டு இருப்பேன். அது துடிச்சா எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்" என்றார்.

முதலில் மேல்பல்லிலும் கீழ்ப்பல்லிலும் கம்பிச் சட்டம். பிறகு வலது பக்கம். காது மடலுக்குக் கீழே, தாடையின் பின் ஓரத்தில் இரண்டு விரற்கடை நீளத்துக்கு ஒரு கீறல். எச்சில் சுரப்பியின் சதையைக் கத்தியால் வெட்டாமல், மழுங்கிய முனைக் கருவியை நுழைத்து, நரம்பு ஓடும் திசையிலேயே விரித்து விரித்து வழி செய்தார். "விருந்தாளி வந்தாச்சு." தியேட்டர் அடங்கியது. இரண்டு கிளைகளுக்கு நடுவில் ஒரு சந்து கிடைத்தது. முறிந்த நுனி தெரிந்தது. தாடையைக் கீழே இழுத்ததும் குமிழ் தன் இடத்தில் வந்து நின்றது. பல்லைச் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டு, தகடு, திருகாணி. வலது பக்கம் சொன்னபடி கேட்டது.

இடது பக்கம் கேட்கவில்லை.

முறிந்த குமிழை உள்பக்கத்துத் தசை இழுத்து ஆழத்தில் கொண்டுபோய்விட்டது. டாக்டர் தேடினார், கிடைக்கவில்லை. மெல்லிய கருவியை இன்னும் உள்ளே விட்டபோது அடியிலிருந்து ரத்தம் பொங்கி எழுந்தது. குழி நிறைந்துவிட்டது, ஒன்றும் தெரியவில்லை. அங்கே ஆழத்தில் ஒரு பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். உதவிக்கு நின்ற இளம் டாக்டர் உறிஞ்சு குழாயை உள்ளே விடப் போனார்.

"வேண்டாம். பஞ்சுத் துணி" என்றார் டாக்டர். உள்ளே வைத்து, தன் விரலால் அழுத்திக்கொண்டு, அசையாமல் நின்றார். அவர் நெற்றியில் வியர்வையை ஒருத்தி ஒற்றி எடுத்தாள். "அவசரப்பட்டா ரத்தம் நிக்காது. ரத்தத்தப் பாத்து ஏதாவது கிளிப்பப் போட்டா நரம்பு போயிரும். பொறுப்போம்" என்றார், பாதி எங்களுக்கும் பாதி தனக்குமாக. என் கண் குருவம்மாளின் கீழுதட்டிலேயே இருந்தது. காய்ந்து வெடித்த உதடு. ஓரத்தில் ஒரு சின்ன மச்சம்.

துணியை எடுத்தபோது ரத்தம் நின்றிருந்தது. இளம் டாக்டர் தாழ்ந்த குரலில், "மேடம், குமிழ வெளிய எடுத்துட்டுத் தகடு போட்டுத் திருப்பி வச்சிரலாமா?" என்று கேட்டார். அப்படிச் செய்வதும் உண்டு.

"வெளிய எடுத்தா அதுக்கு வர்ற ரத்த ஓட்டம் போயிரும். அது உசுரோட இருக்கு. உசுரோடவே கொண்டு வருவோம்."

பல்கட்டைத் தளர்த்தி, இளம் டாக்டரைக் கடைவாயில் கட்டைவிரல் வைத்துத் தாடையைக் கீழே அமுக்கச் சொன்னார். இடம் பிறந்தது. மெல்லிய கொக்கியை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமல் விரல் நுனி உணர்ச்சியை மட்டும் வைத்து, எதையோ மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்தார்.

உதடு துடித்தது. கொசு உட்கார்ந்த தோல் சிலிர்க்குமே, அம்புட்டுதான்.

"அசையுது!" என்றேன்.

அவர் கை அந்த இடத்திலேயே நின்றது. பின்வாங்கி, கொக்கியை வேறு கோணத்தில் திருப்பினார். "இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல டாக்டர்."

அப்படியே, துடிப்பதும் நிறுத்துவதுமாக, நான் உதட்டைப் படித்துச் சொல்லச் சொல்ல, அந்தக் குமிழ் மேலே வந்தது. வந்த பிறகுதான் தெரிந்தது, நரம்புக் கிளை ஒன்று முறிவின் மேலேயே குறுக்காகக் கிடந்தது. டாக்டர் அதைத் தொடவில்லை. தகட்டை அதன் அடியில் நழுவவிட்டார், வாசலில் படுத்திருப்பவரை எழுப்பாமல் தாண்டிப் போவது போல. நரம்புக்கு மேலே இரண்டு திருகாணி, கீழே இரண்டு. துளை போடும்போது எலும்பு சூடாகாமல் உப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தோம்.

கடைசியில் பல்கட்டு முழுவதையும் அவிழ்த்தார். மோவாயைத் தன் இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் திறந்து, மெதுவாக மூடினார். டக்கென்று ஒரு சத்தம். முன்பல் முன்பல்லோடு, கடைவாய் கடைவாயோடு. பல வருஷமாகத் தேய்த்து வைத்திருந்த அந்த இடங்களில், தேடாமல், பற்கள் தாமாகப் போய் உட்கார்ந்தன. மறுபடி திறந்து மூடினார். அதே சத்தம். மயக்க மருந்து டாக்டர்கூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

அதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் வார்டில் டாக்டர் ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னார். நெற்றியைச் சுருக்கச் சொன்னார், சுருக்கினாள். கண்ணை இறுக மூடச் சொன்னார், மூடினாள். 'ஈ' காட்டச் சொன்னார். வலது பக்கம் கீழுதடு இறங்கியது. இடது பக்கம் அசையாமல் நின்றது. வாய் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பெருமாள்சாமி எதிரில் நின்று அதைப் பார்த்தார். குருவம்மாள் அவரைப் பார்த்து ஏதோ சொன்னாள். குரல் தெளிவாகவே வந்தது, நான் கேட்டேன்: "வலி இல்லங்க." அவர் குனிந்தார், கண்ணைச் சுருக்கினார், தலையை அசைத்தார். "வேற பாசையில பேசுறாப்புல இருக்கும்மா" என்றார் டாக்டரிடம். முதல் தடவையாக அவர் குரல் தணிந்திருந்தது.

நான் எழுதிக் காட்டினேன்: நரம்பு அறுபடவில்லை. டாக்டர் கண்ணால் பார்த்தார். இழுபட்டிருக்கிறது. திரும்ப வரும்.

"எப்ப?" என்றார்.

டாக்டரைப் பார்த்தேன். "தெரியாதுன்னு எழுதுங்க" என்றார். "வரும், எப்பன்னு தெரியாது. உள்ளத எழுதுங்க." எழுதினேன். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, தாளை மடித்து மனைவியிடம் கொடுத்தார், அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதையே மறந்து.

வீட்டுக்குப் போகும்போது பயிற்சி சொல்லிக் கொடுத்து அனுப்பினோம். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, நாளாக ஆக ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். மூட்டு இறுகிவிடக் கூடாது. கண்ணாடி பார்த்து உதட்டை இழுத்துப் பழக வேண்டும். அடுத்த முறை வந்தபோது கண்ணாடி வேண்டியிருக்கவில்லை என்றாள் குருவம்மாள். "அவுகதான் எதுக்க உக்காந்துக்கிடுறாக. உப்புன்னு சொல்லு, தண்ணின்னு சொல்லுங்காக. நான் சொல்லிக் குடுத்தத எனக்கே திருப்பி நடத்துறாக" என்று சிரித்தாள். சிரிப்பு இன்னும் கோணல்தான். வாய் நன்றாகத் திறந்தது. பல் சரியாக உட்கார்ந்தது. உதடு மட்டும் வரவில்லை.

அதற்கடுத்த முறையும் வரவில்லை. டாக்டர் அவளை 'ஈ' காட்டச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்கள் போன பிறகு வெகுநேரம் அடுத்த ஆளைக் கூப்பிட மாட்டார். ஒரு தடவை இடது ஓரத்தில் லேசாக ஒரு நடுக்கம் தெரிந்த மாதிரி இருந்தது. "பாத்தீங்களா?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் நிச்சயமில்லை.

பிறகு சில வாரம் அவர்கள் வரவில்லை. அச்சாபீஸில் காலண்டர் வேலை நெருக்கும் காலம், லீவு கிடைத்திருக்காது.

ஒருநாள் காலை, வெளிநோயாளிகள் பகுதியில் நல்ல கூட்டம். குருவம்மாள் எங்கள் அறை வாசலில் வந்து நின்றாள். நடைக்கூடத்தின் அந்தக் கோடியில், சீட்டுப் பதிகிற வரிசையில் பெருமாள்சாமி. இடையில் அத்தனை ஜனம், அத்தனை இரைச்சல். குருவம்மாள் அவரைப் பார்த்து வாயசைத்தாள். பக்கத்தில் நின்ற எனக்கே ஒரு சத்தமும் வரவில்லை. குரல் எழுப்ப வேண்டிய தேவை அவளுக்கு இல்லையே.

அந்தக் கோடியிலிருந்து பெருமாள்சாமியின் குரல் கூரை அதிர வந்தது:

"அதான் பஸ்ஸுலயே விட்டுட்டேன்னு சொல்லுறேன்ல! ஒரு குடைக்கு எம்புட்டு நேரந்தான் வைவ? நாலு பேரு நிக்கிற எடத்துல!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. யாரும் அவரை வைததாக யார் காதிலும் விழவில்லை. முன்னால் நின்றவர் ஒரு எட்டு விலகி நின்றார்.

குருவம்மாள் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். தலைப்பை எடுத்துவிட்டு இன்னும் ஏதோ சொன்னாள், நீளமாக. கீழுதடு இரண்டு பக்கமும் ஒன்றாக இறங்கி, ஒன்றாக ஏறியது. அவர் அங்கிருந்தே தலையாட்டிக்கொண்டு, "சரி சரி", "அதுவும் சரிதான்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் திலகவதி எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை, என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"என்ன சொல்லுறா?" என்று என் காதோரம் கேட்டார்.

ஒரு காலைப்பொழுது முழுவதும் இமை கொட்டாமல் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றவள் நான். அதன் ஒவ்வொரு வெடிப்பும் எனக்குத் தெரியும். உற்றுப் பார்த்தேன். ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை.

"தெரியலையே டாக்டர்" என்றேன்.

உள்ளே நோயாளிகள் காத்திருந்தார்கள். அவர் கூப்பிடவில்லை. குருவம்மாள் பேசி முடிக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.